பழைய லாரி கேபினுக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: 2006 மாடல் சிறிய லாரி, பெங்களூர் பொம்மசந்திராவில் வைத்து ஓட்டுகிறேன். இந்த ஆண்டின் முதல் மழையிலேயே கிளட்ச் பெடல் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். முன் கண்ணாடி ரப்பரை மாற்றினால் தீர்ந்துவிடும், இரண்டு மணி நேர வேலை என்கிறார் மெக்கானிக். பழைய வண்டி ஒழுகினால் ரப்பர்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

2024 மே 3, இரவு 10.40

மாற்றாதீர்கள் தம்பி. இப்போதைக்காவது மாற்றாதீர்கள்.

என்னுடையது 2003 மாடல். ஓசூர் ரோஜாவும் ராயக்கோட்டைச் சாமந்தியும் ஏற்றிக்கொண்டு அத்திப்பள்ளி வழியாக விடிவதற்குள் கே.ஆர். மார்க்கெட் சேர வேண்டிய வண்டி. 2014-ல் மூன்றாவது கையாக வாங்கினேன். வாங்கிய நாளில் இருந்து கிளட்ச் பெடல் மேல்தான் எனக்கும் சொட்டியது. 2017-ல் ரப்பர் மாற்றினேன். சொட்டியது. 2019-ல் கடைக்காரர் மட்டம், ரப்பர் மட்டம் என்று திட்டிவிட்டு வேறு கடையில் மாற்றினேன். அதே பெடல், அதே இடம், அதே சொட்டு. செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டப் பழகிக்கொண்டேன்.

முதலில் அது தண்ணீர்தானா என்று பாருங்கள். விரலில் தொட்டுத் தேய்க்க வேண்டும். வழவழவென்று இருந்தால், வெயில் நாளிலும் ஈரம் காயாமல் இருந்தால், அது கிளட்ச் ஆயில். அந்த ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பெடலுக்கு மேலேதான் இருக்கிறது. உள்ளே ரப்பர் தேய்ந்துவிட்டால் கம்பி வழியாகக் கீழே இறங்கும். சுற்றிலும் பெயிண்ட் உப்பி உரிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அந்த ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். அப்படியானால் இந்தப் பேச்சையே விட்டுவிட்டு நாளைக் காலையில் பட்டறைக்குப் போங்கள். மழை நீர் வேலையைக் கெடுக்கும், கிளட்ச் ஆயில் தீர்ந்தால் நடுச்சாலையில் கியர் விழாது.

மே 3, இரவு 10.55

கேட்க மறந்தது: வண்டியை எப்படி நிறுத்துகிறீர்கள்? மூக்கு பள்ளத்தைப் பார்த்தா, மேட்டைப் பார்த்தா? ஏன் கேட்கிறேன் என்று பிறகு சொல்கிறேன், தூக்கம் வருகிறது.

மே 5

தண்ணீர்தான் என்று பதில் வந்திருக்கிறது. நல்லது.

இனி செய்ய வேண்டியது தண்ணீர்ச் சோதனை. ஆள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் குழாயோடு வெளியே. உள்ளே கால்மிதியை எடுத்துவிடுங்கள், டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் அட்டையைக் கழற்றுங்கள், தெரிகிற தகட்டில் எல்லாம் முகப் பவுடர் தூவுங்கள். பவுடரின் மேல் ஒரு சொட்டு ஓடினாலும் கோடு விழும். கோட்டைப் பிடித்து மேலே போக வேண்டும்.

சர்வீஸ் ஸ்டேஷன் பம்பு வேண்டாம். அந்த அழுத்தத்தில் நல்ல வண்டியும் ஒழுகும். செடிக்கு விடுகிற மாதிரி மெதுவாக விடுங்கள். கீழே இருந்து ஆரம்பிக்க வேண்டும், இது முக்கியம். கண்ணாடியின் அடிப்பக்கம், வைப்பர் அச்சு, பிறகு கண்ணாடியின் பக்கவாட்டு, பிறகு மேல் விளிம்பு, கடைசியாகக் கூரை. மேலே இருந்து ஆரம்பித்தால் எல்லாமே நனையும், எது ஒழுகுகிறது என்று கடவுளுக்கும் தெரியாது. ஒவ்வொரு இடத்துக்கும் 2 நிமிடம்.

தண்ணீருக்கு எங்கே போவது என்பது தனிக் கதை. இந்த மார்ச்சில்தான் பெங்களூருக் குடிநீர் வாரியம், குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. காவிரித் தண்ணீரைத் தொடாதீர்கள். துணி அலசிய தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்துக்கொண்டு பூவாளியில் விட்டாலும் போதும். என் மனைவி சொன்ன யோசனை இது. "மழைக்காகக் காத்திருந்தால் டிரம்மும் மிச்சம்" என்பது அவரே சொன்ன இன்னொரு யோசனை.

மே 6

திருத்தம். 2 நிமிடம் என்று எழுதியது தவறு, 10 நிமிடம். என் வண்டியில் கூரையில் விட்ட தண்ணீர் பெடலுக்கு வர 7 நிமிடம் ஆயிற்று. 2 நிமிடத்தில் நிறுத்திவிட்டு "கூரை நல்ல கூரை" என்று 2 ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தவன் நான்தான். அதே தவறை உங்களுக்கும் எழுதியிருக்கிறேன்.

மே 11

மூக்கைப் பள்ளத்தைப் பார்த்து நிறுத்துவதாகச் சொல்கிறீர்கள். இப்போது என் கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது ஸ்ரீராமபுரம். எங்கள் தெரு சரிவு. இடம் கிடைப்பதைப் பொறுத்து ஒரு நாள் மூக்கு கீழே, ஒரு நாள் மூக்கு மேலே. மூக்கு கீழே நின்றால் பெடல் நனையும். மூக்கு மேலே நின்றால் பெடல் காய்ந்திருக்கும், ஆனால் இருக்கைக்குப் பின்னால் பலகையில் ஈரம். இவை இரண்டு தனித்தனி ஒழுகல் என்றுதான் ஏழு ஆண்டுகள் நினைத்தேன். பின்னால் ஈரத்துக்குக் கிளீனர் பையன் வைத்த தண்ணீர் பாட்டில் என்று அவனைத் திட்டவும் செய்திருக்கிறேன்.

2021-ல் பவுடர் தூவிப் பார்த்தபோது கோடு கண்ணாடியில் இருந்து வரவில்லை. முன் தூணுக்குள் இருந்து வந்தது. தூணின் ரெக்சினைக் கழற்றினால் உள்ளே கூரையில் இருந்து இறங்கும் ஒயர் கட்டு. அதைப் பிடித்தபடி, கொடிக்கம்பியில் ஓடுகிற மாதிரி, தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கூரை ரெக்சினை இழுத்தேன். பஞ்சு முழுக்க ஊறிக் கிடந்தது. முன்பு வைத்திருந்தவர் கூரையில் இரும்புக் கேரியர் மாட்டியிருக்கிறார். விற்கும்போது கேரியரை எடுத்துக்கொண்டு எட்டுத் துளைகளை எனக்கு விட்டுப் போயிருக்கிறார். துளைகளை எம்-சீல் வைத்து அடைத்து மேலே பெயிண்ட். கேபின் என்பது ஓட்டத்தில் முறுக்கிக்கொண்டே இருக்கும் தகடு. எம்-சீல் கல் மாதிரி இறுகும், முறுக்காது. விளிம்பில் மயிரிழை விரிசல். எட்டில் ஐந்து விரிசல்.

கூரைத் தகட்டுக்கும் ரெக்சினுக்கும் நடுவே ஊறிய தண்ணீர், வண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடுகிறது. முன்னால் சாய்ந்தால் தூண் வழியாகப் பெடல், பின்னால் சாய்ந்தால் பலகை. இதற்காகத்தான் இரண்டு ரப்பர் வாங்கினேன்.

தருமபுரிப் பக்கம் எங்கள் பாட்டி வீடு ஓட்டு வீடு. ஒழுகினால் அப்பா சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே இருக்கும் ஓட்டைப் பார்க்கவே மாட்டார். உள்ளே என்னை இருட்டில் நிற்க வைத்துவிட்டு, மேலே ஏறி, "எங்கே வெளிச்சம் தெரிகிறது?" என்பார். வாரிச்சட்டத்தில் ஒரு முழம் தள்ளி மேலேதான் ஓடு நகர்ந்திருக்கும். இதைப் பார்த்து வளர்ந்தவன் லாரியில் மட்டும் சொட்டுக்கு நேர் மேலே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இதைத் திருப்பியும் செய்யலாம். இரவில் கேபினுக்குள் பல்பைப் போட்டுவிட்டு வெளியே வந்து சுற்றிப் பாருங்கள். பெரிய ஓட்டைகள் கண் சிமிட்டும். மயிரிழை தெரியாது, அதற்குத் தண்ணீர்தான்.

மே 12

"சிலிக்கான் குழாய் ஒன்று வாங்கி எல்லா இடத்திலும் அடித்துவிட்டால் முடிந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, வணக்கம். உங்களைப் போன்ற ஒருவர் என் வண்டிக்கும் வந்திருந்தார்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கானை மோந்து பாருங்கள், வினிகர் வாடை. அது உலரும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. இரும்புத் தகட்டுக்கு அமிலம் வைப்பது எந்த ஊர் வைத்தியம்? அதன் மேல் பெயிண்டும் ஒட்டாது. அதைவிட மோசம், பாதி விளிம்பு பிடித்துக்கொள்ளும், பாதி விட்டுவிடும். விட்ட இடத்தில் தண்ணீர் உள்ளே போகும், பிடித்த இடத்தால் வெளியே வர முடியாது. உள்ளேயே உட்கார்ந்து தின்னும்.

கூரை விளிம்பில் மழை நீர் வழிவதற்கென்று ஒரு மடிப்பு இருக்கிறதே, அதில் எனக்கு அடித்திருந்தார்கள். சிவாஜி நகரில் டிங்கர் வேலை செய்யும் பாய் ஒருவரிடம் கொண்டுபோனேன். பழைய பிளேடால் அதைச் சுரண்டி எடுக்க அவருக்கு ஒன்றரை நாள். ஒரு ஜாண் நீளத்துக்குப் பட்டையாக உரித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அடிப்பக்கம் முழுக்கத் துரு ஒட்டி, செங்கல் நிறத்தில் இருந்தது. மடிப்பைத் திருப்புளி முனையால் தொட்டார், முனை உள்ளே போய்விட்டது. "அண்ணா, இதை அடிக்காமல் விட்டிருந்தால் இன்னும் பத்து வருடம் வந்திருக்கும்" என்றார். கூலியைவிட அந்தப் பேச்சு வலித்தது.

அவர் செய்தது: கேரியர் துளைகளை வெட்டித் தகடு வைத்து வெல்டிங். மடிப்பைக் கம்பி பிரஷ் போட்டு வெள்ளையாகத் தேய்த்து, துருவை மாற்றும் ஆசிட் தடவி, துடைத்து, பிரைமர், அதன் மேல் பாடி வேலைக்கென்றே விற்கும் சீலர். இறுகினாலும் ரப்பர் மாதிரி வளைவது அது. பிறகு பெயிண்ட். பட்டி போட்டு மூடவில்லை. பட்டியும் எம்-சீல் மாதிரித்தான், அடியில் துரு இருந்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

மே 19

கேட்டவர் சோதனை செய்துவிட்டார். நிறுத்தி வைத்துத் தண்ணீர் விட்டால் ஒரு சொட்டும் இல்லை, ஓடும்போது மட்டும் ஒழுகுகிறது என்கிறார். மெக்கானிக் சிரிக்கிறாராம்.

சிரிக்க வேண்டியதில்லை, இதுவே பெரிய தடயம். ஓடும் வண்டியில் காற்று முகத்தில் மோதி, கண்ணாடியின் அடிப்பக்கம் அழுத்தம் கூடுகிறது. கேபினுக்குள் காற்று வருவதற்கான சல்லடையை அங்கே வைப்பதே அதனால்தான். நிற்கும்போது மேலே வழிந்து போகிற தண்ணீரை, ஓடும்போது காற்று உள்ளே தள்ளும். ஆகவே கூரையை விடுங்கள். பார்க்க வேண்டியவை: வைப்பர் அச்சின் ரப்பர் வளையம், சல்லடைக்குப் பின்னால் இருக்கும் பெட்டி, அதன் வடிகால், முன் தகட்டில் ஒயர் நுழையும் இடத்து ரப்பர். வடிகாலில் இலையும் மண்ணும் அடைத்திருந்தால் பெட்டி நிரம்பி உள்ளே கொட்டும்.

இன்னொன்று, தண்ணீரின் நிறம் என்ன? தெளிந்த நீர் என்றால் மேலே இருந்து. சேறு கலந்த நீர் என்றால் டயர் அடிப்பது, தரைத் தகட்டில் ஓட்டை. என் முதல் குறிப்பிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. கிளட்ச் ஆயில் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதை விட்டேன்.

மே 20

சேறு இல்லையாம். தெளிந்த நீர். சரி, அடிப்பக்கம் தப்பித்தது.

ஜூன் 3

நேற்று பெங்களூரில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நாளில் 111 மில்லிமீட்டர். ஜூன் மாதத்தில் ஒரு நாள் மழைக்கு 1891-ல் இருந்து நின்ற கணக்கு முறிந்துவிட்டது. ஏப்ரலில் டேங்கருக்கு வரிசையில் நின்ற அதே தெருவில் முழங்கால் தண்ணீர்.

என் வண்டி வெளியில்தான் நின்றது. காலையில் பெடலுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாள் காய்ந்திருந்தது. பாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன். பிறகு இடது பக்கம் எட்டிப் பார்த்தால், கதவின் அட்டைக்கு அடியில் குளம். போன் போடுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் பார்த்திருக்க வேண்டும்.

ஜூன் 4

கதவு.

கதவுக்குள் தண்ணீர் போவது குறை என்று நினைத்திருந்தேன். குறை இல்லை, அது அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. இறக்கும் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் பட்டை எல்லாத் தண்ணீரையும் தடுக்காது. மீதி கதவுக்குள் வழிந்து, அடியில் உள்ள சிறு துளைகள் வழியே வெளியே போக வேண்டும். உள் பக்கம் அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அந்தத் தண்ணீர் கேபினுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள் மட்டும்தான்.

என் இடது கதவில் தாள் இல்லை. போன ஆண்டு கண்ணாடி ஏற்றும் கைப்பிடி உடைந்து மாற்றியபோது, வேலை பார்த்தவர் குப்பை என்று கிழித்துப் போட்டிருக்கிறார். நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். அடித் துளைகளைப் பார்த்தால் மூன்றில் இரண்டு அடைப்பு. ஒன்று மண், ஒன்று யாரோ ஆசையாகப் பூசிய தார்.

சைக்கிள் கம்பியால் குத்தித் திறந்தேன். முதல் துளை திறந்ததும் ஒரு சொம்பு அளவு பழுப்புத் தண்ணீர் செருப்பில் கொட்டியது. தடிமனான பிளாஸ்டிக் தாளை அளந்து வெட்டி, கறுப்புப் பிசின் நாடாவால் நான்கு பக்கமும் ஒட்டி, அடி விளிம்பை மட்டும் கதவுக்குள் செருகிவிட்டேன். அப்போதுதான் தாளில் வழிவது கதவுக்குள் விழும். செலவு 90 ரூபாய், அதில் டீ 20.

ஜூன் 5

கதவு ரப்பர் சரியா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறார்கள். பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். நோட்டு வராமல் இறுக்கிப் பிடித்தால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. பல நேரங்களில் ரப்பர் பிழை இல்லை, கீல் தேய்ந்து கதவு தொங்கியிருக்கும். சாத்தும்போது கதவைத் தூக்கிச் சாத்துகிறவர்கள் ரப்பர் வாங்க ஓட வேண்டாம், முதலில் கீலைப் பாருங்கள்.

ஜூன் 22

இப்போது நான் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ள வேண்டிய நேரம்.

கேட்ட தம்பி நேற்று வண்டி உதிரிப் பாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. சாலைக்கு வந்திருந்தார், நானும் போனேன். வைப்பர் வளையம் இரண்டும் மாற்றியாயிற்று, காற்றுப் பெட்டி சுத்தம், இருந்தும் ஓட்டத்தில் இரண்டொரு சொட்டு. கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். கழற்றினால் ரப்பர்தான்! கீழ் மூலையில் ரப்பர் சுருங்கி, இரண்டு முனை சேரும் இடத்தில் அரிசி நுழையும் அளவு இடைவெளி. அதாவது மே 3 அன்று அவருடைய மெக்கானிக் சொன்னதில் பாதி சரி. நான் "மாற்றாதீர்கள்" என்று அதிகாரமாக எழுதியதில் பாதி தவறு.

பாதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், ரப்பருக்கு அடியில் கண்ணாடிச் சட்டத்தின் விளிம்பு துருப்பிடித்து அப்பளம் மாதிரி பொரிந்திருந்தது. ரப்பரை மட்டும் மாற்றியிருந்தால் புது ரப்பர் அந்தப் பொரியல் மேல்தான் உட்கார்ந்திருக்கும். விளிம்பைத் தேய்த்து, பிரைமர் அடித்து, ஒரு நாள் காயவிட்டுத்தான் மாட்டினோம்.

மாட்டுவதைப் பார்ப்பது ஒரு சுகம். ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டுகிறார்கள். அளந்து அறுக்காமல் ஒரு விரல் அகலம் கூட்டி அறுத்து, முனைகளை நெருக்கிச் சேர்க்கிறார்கள். இழுத்து மாட்டினால் சில மாதத்தில் சுருங்கி வாயைப் பிளக்கும். உள் பக்கத்துப் பள்ளத்தில் சுற்றிலும் ஒரு நைலான் கயிறு. சோப்புத் தண்ணீர் தாராளமாக. வெளியே ஒருவர் உள்ளங்கையால் தட்டுகிறார், உள்ளே ஒருவர் கயிற்றின் முனையைப் பிடித்து மெல்ல உருவுகிறார். கயிறு வர வர ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே விழுகிறது, சப், சப் என்று. கண்ணாடியைக் குத்துவதும் இல்லை, திருப்புளியால் நெம்புவதும் இல்லை. எனக்கு 2019-ல் மாட்டியவர் திருப்புளியால் நெம்பித்தான் மாட்டினார். உதட்டில் நான்கு கீறல் இருந்ததை அப்போதே பார்த்தேன், கேட்கவில்லை.

கடைசியாக ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே இறுகாத கறுப்புப் பசையை மெல்லிய மூக்குக் குழாயால் விட்டார்கள். அது காயாது, கேபின் முறுக்கினாலும் கூடவே நகரும். கையில் பட்டால் மூன்று நாள் போகாது. தம்பியின் வெள்ளைச் சட்டை சாட்சி.

ஜூலை 14

ஒழுகல் நின்றது, வாடை போகவில்லை என்பவர்களுக்கு.

ஈரம் மேலே இல்லை, அடியில் இருக்கிறது. கால்மிதிக்குக் கீழே சணல் கோணியோ பஞ்சோ போட்டிருப்பீர்கள். அது மாதக்கணக்கில் காயாது, தரைத் தகட்டை ஊறப்போட்டு வைக்கும். முழுதாக வெளியே எடுங்கள், ஒரு வாரம் திரும்ப வைக்காதீர்கள். தகட்டைத் தட்டிப் பாருங்கள், "டங்" என்றால் நல்லது, "தொப்" என்றால் பாய் வீட்டுக்கு வழி தேடுங்கள். பியூஸ் பெட்டியையும் திறந்து பாருங்கள். என்னுடையதில் இரண்டு முனை பச்சை பூத்திருந்தது. வலது இண்டிகேட்டர் தன் இஷ்டத்துக்கு எரிந்ததற்கு ஒயரிங்காரர் மூன்று முறை காசு வாங்கியிருக்கிறார்.

எனக்கு இருந்த வாடை கோணி வாடை இல்லை. இருக்கைக்குப் பின்னால் ஒரு கூடை சாமந்தி அழுகிக் கிடந்தது. அதைக் கண்டுபிடித்தது என் மனைவி, மூன்று நொடியில்.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. கிளீனர் பையன் முன்பக்கம் சீரியல் பல்பு கட்ட டிரில்லிங் மெஷினை யாரிடமோ இரவல் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். கூரையில் நான்கே நான்கு துளை போதுமாம் அண்ணா. மெஷினை வாங்கி வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். பல்பு கயிற்றில் கட்டியாயிற்று. இரண்டு வாழைக்கன்று, சாமந்தி மாலை, பூசணிக்காய். நம்மிடம் பூவுக்கா பஞ்சம், முகமே தெரியாத அளவுக்குச் சாத்திவிட்டான்.

அக்டோபர் 16

நேற்று முழுக்க மழை. கிளட்ச் பெடல் மேல் தண்ணீர்.

சொட்டு இல்லை, ஓடியது. விடியற்காலை இரண்டு மணிக்குச் சூளகிரி தாண்டி ஓரம் கட்டி, கூரையைத் தடவி, தூணைத் தடவி, பாயைத் திட்டி, பிறகு என் மே 19 குறிப்பையே போனில் எடுத்துப் படித்தேன். கண்ணாடிக்குக் கீழே சல்லடையைக் கழற்றிக் கையை விட்டேன். இரண்டு கை நிறையச் சாமந்தி இதழ், நடுவில் வாழை நார் பந்தாகச் சுருண்டு வடிகாலை அடைத்திருந்தது. இழுத்ததும் குபுக்கென்று தண்ணீர் இறங்கியது. பூக்களைச் சாலையில் போட மனம் வராமல் ஒரு வேப்ப மரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன். லோடு சேர 40 நிமிடம் தாமதம். காரணம் பூ என்று சொன்னேன். லோடே பூதானே என்றார்கள்.